தீயின் காரணம் தேடும் வேதியியல்

நகரில் ஒரு கடையோ கிடங்கோ தீக்கிரையானால், மறுநாள் செய்தித்தாளில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைக் காண்கிறோம்: மின்கசிவே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது. சாம்பலின் சூடு ஆறுமுன்பே, கருகிய கம்பி ஒன்றுகூட ஆராயப்படுமுன்பே, இந்த முடிவு எட்டப்பட்டுவிடுகிறது. நாளடைவில் கோப்புகளிலும் அதுவே நிலைத்துவிடுகிறது.

எரிந்தது எரிந்துவிட்டது, காரணத்தைத் துருவி ஆராய்வதால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். இழப்பீடு கிடைக்குமா, குற்றவழக்குத் தொடரப்பட வேண்டுமா, கட்டட விதிகளில் எதைத் திருத்த வேண்டும், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் ஆகிய அனைத்தும் காரணத்தைப் பொறுத்தே அமைகின்றன. காரணம் தவறாகக் குறிக்கப்பட்டால் பரிகாரமும் தவறாகவே அமையும். பொதுப்பணம் செலவாகும், தீயோ மீண்டும் வரும். ஆகவே, தீயின் காரணத்தைக் கண்டறிவது காவல்துறையின் தனிப்பட்ட அலுவல் மட்டுமன்று. திட்டமிடுவோரும் அக்கறை கொள்ள வேண்டிய பொருளாகும்.

இதற்குப் பெங்களூரு நகரின் அனுபவம் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1981 பிப்ரவரி 7 அன்று அந்நகரில் நடந்த சர்க்கஸ் கூடாரத் தீயில் 90-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். 2010 பிப்ரவரி 23 அன்று கார்ல்டன் டவர்ஸ் என்ற அடுக்குமாடி அலுவலகக் கட்டடத்தில் நேர்ந்த தீயில் 9 பேர் உயிரிழந்தனர். 2015 முதல் 2018 வரை, எவரும் எதிர்பாராத இடமாகிய பெல்லந்தூர் ஏரியில் பலமுறை தீ எழுந்தது. கூடாரம், கட்டடம், ஏரி ஆகிய இம்மூன்றும் வேதியியலின் முன் மூன்று வகையான வினாக்களை வைக்கின்றன.

இரண்டு வினாக்கள்

தீ உண்டாக எரிபொருள், பிராணவாயு, வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும் என்பது பள்ளிப் பாடம். பிராணவாயு காற்றிலேயே உள்ளது. ஆகவே ஆய்வாளர் விடைகாண வேண்டியவை இரண்டு: முதற்பொறி எங்கிருந்து வந்தது? அப்பொறி எதைப் பற்றிக்கொண்டு பரவியது?

நம் விசாரணைகள் முதல் வினாவிலேயே நின்றுவிடுவது வழக்கம். ஆனால் பெருந்துயரங்களை உண்டாக்குவது பெரும்பாலும் இரண்டாவதே. 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 160-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதற்பொறி எது என்பது பற்றி நெடுங்காலம் விவாதம் நடந்தது. ஆனால் மழைநீர் இறங்காமலிருக்க, பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகு கூடாரத் துணியில் பூசப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. அத்தகைய துணிக்கு எந்தப் பொறியும் போதும். துணியின் ஒரு சிறு துண்டை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் தெரியவரும் உண்மை இது. காட்சி தொடங்குமுன் சோதித்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

எரிந்த பின்னும் எஞ்சும் எண்ணெய்

வேண்டுமென்றே தீ வைப்போர் பெரும்பாலும் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றையே பயன்படுத்துகின்றனர். ஊற்றிய எண்ணெய் முழுவதும் எரிந்துபோகும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அது தவறு. எண்ணெய் தரையின் வெடிப்புகளிலும், பாயின் அடியிலும், மண்ணிலும், மரத்தின் இடுக்குகளிலும் இறங்குகிறது. அங்கே காற்று போதுமான அளவு எட்டாததால் அதில் ஒரு சிறு பகுதி எரியாமல் தங்கிவிடுகிறது. தீயணைப்புப் படையினர் பாய்ச்சும் நீரும் அதை முற்றிலும் அகற்றிவிடுவதில்லை. எண்ணெய் நீரில் கரைவதில்லை அல்லவா?

இந்தச் சிறு எச்சத்தைப் பிரித்தெடுப்பதே ஆய்வின் முதற்படி. கருகிய பொருளைக் காற்றுப்புகாத கலத்தில் இட்டு, உள்ளே உயிரூட்டப்பட்ட கரித்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணிநேரம் வைக்கின்றனர். எண்ணெய் ஆவியாகிக் கரியில் படிகிறது. பிறகு ஒரு கரைப்பானைக் கொண்டு கரியிலிருந்து அதை மீட்டு, வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்துகின்றனர்.

வாயு வண்ணப்பிரிகை முறையை ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1952-ல் வெளியிட்டனர். மெல்லிய நீண்ட குழாயினுள் ஆவிக் கலவை செல்லும்போது, எளிதில் ஆவியாகும் கூறுகள் முந்தியும் மற்றவை பிந்தியும் வெளிவருகின்றன. ஒவ்வொரு கூறும் ஒரு முகடாக வரைபடத்தில் பதிகிறது. அக்கருவியோடு இணைந்த நிறை நிறமாலைமானி, ஒவ்வொரு முகடும் எந்தச் சேர்மத்தைக் குறிக்கிறது என்று அடையாளம் காட்டுகிறது. மண்ணெண்ணெயில் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் படிப்படியாக உயர்ந்து தாழ்ந்து மணி வடிவில் அமைகின்றன. பெட்ரோலிலோ பென்சீன் குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்கள் தமக்கே உரிய விகிதத்தில் அணிவகுக்கின்றன. கைரேகையைப் போல இவ்வடிவங்களை ஒப்பிட்டு எண்ணெயின் வகையை அறியலாம். பொது வினியோக மண்ணெண்ணெயில் கலக்கப்பட்டு வந்த நீலச் சாயம் துணியில் எஞ்சியிருந்தால் அதுவும் ஒரு துணைச் சான்றாகும்.

சான்று உண்டு, தீர்ப்பு இல்லை

இம்முறையின் ஆற்றலைப் போலவே அதன் எல்லையையும் அதிகாரிகள் அறிந்திருப்பது அவசியம்.

முதலாவதாக, இன்றைய வீடுகளில் எரியும் பொருள்களே பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவை. தரைவிரிப்பு, நுரைமெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவை எரியும்போது பென்சீன், டொலுவீன், ஸ்டைரீன் போன்றவை தாமாகவே உண்டாகின்றன. இவற்றில் முதலிரண்டும் பெட்ரோலிலும் இருப்பவை. ஆகவே ஐயத்திற்குரிய இடத்திலிருந்து மட்டுமன்றி, எண்ணெய் பட்டிருக்க வாய்ப்பில்லாத இடத்திலிருந்தும் அதே பொருளின் ஒப்பீட்டு மாதிரி எடுக்கப்பட வேண்டும். அது இல்லாத அறிக்கை பாதி அறிக்கையே.

இரண்டாவதாக, எண்ணெய் இருந்தது என்பதாலேயே குற்றம் நிறுவப்பட்டுவிடாது. மண்ணெண்ணெய் அடுப்பு இருந்த சமையலறையில் மண்ணெண்ணெயும், மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் பெட்ரோலும் இருப்பது இயல்பே.

நம் நாட்டில் இந்த வேறுபாடு உயிர்நிலையானதாக விளங்கியதுண்டு. இளம் மனைவியர் தீக்காயங்களால் இறந்தபோதெல்லாம் "ஸ்டவ் வெடித்தது" என்ற விளக்கம் ஒரு காலத்தில் எளிதாகத் தரப்பட்டது. வரதட்சணை மரணத்திற்கெனத் தனிப் பிரிவு 1986-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய மரணங்களே பின்னணி. ஆடையின் எப்பகுதிகளில், தலைமுடியில், தரையில் எங்கெங்கு மண்ணெண்ணெய் படிந்திருந்தது, அடுப்பின் தொட்டி உண்மையிலேயே வெடித்ததா என்பவற்றை ஆய்வுக்கூடம் கூறமுடியும். ஊற்றிய கை எது என்பதை அது கூறாது. அதை மற்றச் சாட்சியங்களே நிறுவ வேண்டும்.

மூன்றாவதாக, வேதியியலைப் புறக்கணித்துக் கண்ணால் கண்டதை மட்டும் நம்புவதில் பேராபத்து உண்டு. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வீடு எரிந்து மூன்று குழந்தைகள் இறந்தனர். கண்ணாடியில் காணப்பட்ட நுண்விரிசல்கள், தரையில் இருந்த கருகல் வடிவங்கள் ஆகியவற்றைக் கொண்டு எண்ணெய் ஊற்றப்பட்டதாக முடிவுசெய்தனர். பல மாதிரிகளில் வாசலருகே எடுத்த ஒன்றில் மட்டுமே பெட்ரோலியப் பொருள் காணப்பட்டது. எனினும் தந்தை குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2004-ல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. சூடான கண்ணாடியின்மீது நீர் படும்போது அத்தகைய விரிசல்கள் தோன்றும் என்பதும், அறை முழுவதும் தீ சூழும்போது அத்தகைய கருகல்கள் எண்ணெயின்றியே உண்டாகும் என்பதும் ஆய்வுகளால் தெளிவாயின. அந்த உயிரை மட்டும் மீட்க இயலவில்லை.

மின்கசிவும் புகையும்

மின்கசிவு என்ற முடிவையும் இதே கண்டிப்புடன் சோதிக்க வேண்டும். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. மின்கம்பிகள் தொட்டுக்கொள்ளும்போது தோன்றும் மின்வில் இந்த வெப்பத்தை ஒரு புள்ளியில் எளிதில் கடந்துவிடுகிறது. அவ்விடத்தில் கம்பி உருகி மணி போல் திரள்கிறது, அதை ஒட்டிய பகுதியோ உருகாமல் இருக்கிறது. பொதுவான தீயில் உருகிய கம்பியில் இத்தகைய கூர்மையான எல்லை காணப்படுவதில்லை. நுண்ணோக்கியும் உலோகப் பகுப்பாய்வும் இவ்வேறுபாட்டைக் காட்டும்.

ஆனால் மணி இருப்பதாலேயே மின்கசிவு தீயை மூட்டியது என்றாகாது. வேறு காரணத்தால் எழுந்த தீ கம்பியின் பிளாஸ்டிக் உறையை எரித்துவிட்டால், கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு அப்போதும் மின்வில் தோன்றும். முதல் நிகழ்ச்சியில் மின்கசிவு காரணம். இரண்டாவதில் அது விளைவு. உருகிய மணியை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிவது கடினம். தீ தொடங்கிய இடம், மின்காப்புக் கருவிகள் இயங்கிய வரிசை, எரிந்த பொருள்களின் பகுப்பாய்வு ஆகிய அனைத்தையும் சேர்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

கார்ல்டன் டவர்ஸ் விபத்து இன்னொரு பாடத்தையும் தருகிறது. அங்கே மின்கம்பிகள் செல்லும் தடத்திலிருந்து எழுந்த புகையே மக்களை மேல்தளங்களில் சிறைப்படுத்தியது. கம்பி உறையாகப் பயன்படும் பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும், நுரைமெத்தை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும், காற்றுக் குறைவாக எரியும் எல்லாப் பொருள்களிலிருந்தும் கார்பன் மோனாக்சைடும் வெளிப்படுகின்றன. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. இறந்தவரின் இரத்தத்தில் இச்சேர்மம் மிகுந்திருந்தால், தீயின்போது அவர் உயிருடன் மூச்சுவிட்டார் என்று பொருள். அது மிகக் குறைவாக இருந்தால், தீக்கு முன்பே இறந்தாரா என்ற வினா எழுகிறது. தீக்காயத்தைவிடப் புகையே மிகுதியான உயிர்களைப் பறிக்கிறது என்பதை இச்சோதனைகளே நமக்கு உணர்த்தின. அந்த அறிவிலிருந்தே, கம்பித் தடங்களைத் தளத்துக்குத் தளம் அடைக்க வேண்டும், புகையற்ற படிக்கட்டுகள் வேண்டும் என்ற விதிகளின் இன்றியமையாமை விளங்குகிறது.

நீர் எரிந்த கதை

பெல்லந்தூர் பெங்களூருவின் மிகப் பெரிய ஏரி. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புடையது. நகரின் கழிவுநீரில் கணிசமான பகுதி அதில் வந்து சேர்ந்தது. 2015 மே மாதத்தில் ஏரியின்மீது திரண்டிருந்த வெண்ணுரை தீப்பற்றி எரிந்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் தீ எழுந்து, புகை சுற்றுப்புறக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. 2018 ஜனவரி 19 அன்று எழுந்த தீயை அணைக்க ஆயிரக்கணக்கான இராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது.

யார் தீ வைத்தது என்ற வினாவே முதலில் எழுந்தது. கரையில் குப்பை எரித்தவர்களா, காய்ந்த புல்லுக்குத் தீயிட்டவர்களா என்று விவாதிக்கப்பட்டது. ஆனால் நல்ல ஏரியின் கரையில் குப்பையை எரித்தால் குப்பைதான் எரியும், ஏரி எரியாது. எரியும் தன்மை ஏரிக்கு எப்படி வந்தது என்பதே பொருளுள்ள வினா. அதற்கு விடை தேடவேண்டியது நீரிலும் நுரையிலும் சேற்றிலும்தான்.

சலவைத்தூள் கலந்த நீரில் நுரையாக்கும் பொருள்கள் உள்ளன. மெத்திலீன் நீலம் என்ற சாயத்துடன் அவை சேர்ந்து உண்டாகும் நிறத்தைக் குளோரோஃபாரத்தில் பிரித்து, அதன் செறிவை அளந்து, அவற்றின் அளவைக் கணிக்கலாம். கழிவுநீரிலுள்ள பாஸ்பேட்டுகள் ஆகாயத் தாமரைக்கு உரமாகின்றன. அது பெருகி, மடிந்து, அடியில் சேறாகிறது. பிராணவாயு அற்ற அச்சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நம் கிராமங்களில் சாண எரிவாயுக் கலங்களில் நடப்பதும் இதுவே; அங்கே அது அடுப்புக்குப் போகிறது, இங்கே களைப்படலத்தின் அடியிலும் நுரைக் குமிழ்களிலும் சிக்குகிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறியில் அது பற்றிக்கொள்ளும். கவிழ்த்த புனலால் வாயுக் குமிழ்களைச் சேகரித்து, முன்னர்க் கூறிய வண்ணப்பிரிகைக் கருவியாலேயே அதன் அளவை அறியலாம். நுரையை வெறும் சோப்பு நுரை என்று எண்ணுவதும் சரியன்று. எண்ணெய்ப் பசையும் கரிமப் பொருள்களும் நுரைப் படலத்தில் திரள்கின்றன. நீரைவிட நுரையில் அவற்றின் செறிவு மிகுதி. மேற்பரப்பு காய்ந்தால் எரிவதற்குப் பொருள் ஆயத்தமாக உள்ளது.

பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் சதுப்புநில ஆய்வுக்குழுவினர் இந்த ஏரியின் நீரையும் நுரையையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பாஸ்பேட்டுகளும் நுரையாக்கிகளும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரிலிருந்து வருவதைச் சுட்டிக்காட்டினர். இதன் பயன் யாதெனில், விசாரணையின் திசையே மாறியது. தீக்குச்சியைத் தேடியவர்கள் சாக்கடையைப் பார்க்க நேர்ந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் தானாகவே முன்வந்து இப்பொருளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் மாநில அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் செலுத்தக் கட்டளையிட்டதுடன், ஏரிச் சீரமைப்புக்கென 500 கோடி ரூபாயைத் தனிக்கணக்கில் வைக்கவும் பணித்தது. தீயணைப்பு வண்டி வாங்குவதற்கன்று, கழிவுநீரைத் தடுத்துச் சுத்திகரிப்பதற்கே பணம் தேவை என்பது இவ்வாறு நிலைபெற்றது.

இது பெங்களூருவோடு நின்றுவிடும் சிக்கலன்று. பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையாற்றை அடைகிறது. ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்குவதைத் தமிழக உழவர்கள் பலமுறை கண்டுள்ளனர். 1969-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய் எரிந்ததும், அந்நாட்டில் 1972-ன் தூயநீர்ச் சட்டத்திற்கு அது ஒரு தூண்டுகோலாக அமைந்ததும் இங்கு நினைக்கத்தக்கன. நம் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை 1974-லேயே நிறைவேற்றியது. சட்டம் இருந்தும் ஏரி எரிந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

ஆய்வுக்கூடம் வரை செல்லும் வழி

இத்துறை நமக்குப் புதியதன்று. நாட்டின் முதல் அரசு இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-லேயே சென்னையில் நிறுவப்பட்டது. இன்று பெங்களூருவின் மடிவாளாவில் மாநிலத் தடய அறிவியல் ஆய்வுக்கூடமும், 1960-ல் அதே நகரில் தொடங்கப்பட்ட மத்திய மின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதனைப் படிப்படியாகச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்துள்ளது. ஆகவே கருவியும் சட்டமும் உள்ளன. சங்கிலியின் வலுவற்ற கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. அது மாதிரி சேகரிப்பு.

பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிறது. அதன் இலேசான கூறுகள் முதலில் மறைகின்றன; நாட்கள் செல்லச் செல்ல வரைபடம் உருமாறுகிறது. மண்ணில் ஊறிய எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஆகவே மண் மாதிரியைக் குளிரில் பாதுகாக்க வேண்டும். நம்மிடையே எளிதாகக் கிடைக்கும் பாலிதீன் பையில் இட்டால் ஆவி வெளியேறிவிடும். வெளியிலுள்ள ஆவி உட்புகவும் கூடும். நைலான் பை அல்லது இதுவரை பயன்படுத்தாத மூடியுள்ள தகரக் கலமே ஏற்றது. இவை விலையுயர்ந்த பொருள்கள் அல்ல. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவி, சில ரூபாய் மதிப்புள்ள பை இல்லாமையால் பயனற்றுப்போவது நிர்வாகத்தின் குறையேயன்றி அறிவியலின் குறையன்று.

எனவே சில நடைமுறைகள் உடனே மேற்கொள்ளத்தக்கவை. தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றிலும் மாதிரி சேகரிக்கும் கலங்கள் இருத்தல் வேண்டும். நிகழ்விடத்தை முதலில் அடைபவர்கள் தீயணைப்பு வீரர்களே ஆதலால் அவர்களுக்கு இதில் பயிற்சி அளிக்க வேண்டும். வல்லுநர் வரும்வரை இடிபாடுகளை அகற்றலாகாது. ஒப்பீட்டு மாதிரியின்றி எந்த மாதிரியும் அனுப்பப்படலாகாது. காரணம் உறுதிப்படாத நிலையில் "காரணம் உறுதிப்படவில்லை" என்றே பதிவுசெய்யும் துணிவும் வேண்டும். மின்கசிவு என்று எழுதி முடித்த கோப்பைவிட, திறந்து வைக்கப்பட்ட கோப்பு நாட்டுக்கு நன்மை பயப்பது.

தீயைப் பற்றிய புள்ளிவிவரங்களை வைத்தே நகரங்களுக்கான பாதுகாப்புத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. அப்புள்ளிவிவரங்களில் காரணம் என்ற பத்தி ஊகத்தால் நிரப்பப்பட்டிருக்குமானால், அதன்மேல் எழும் திட்டமும் ஊகமாகவே இருக்கும். அந்தப் பத்தியை நிரப்ப வேண்டிய சான்று சாம்பலில் கிடக்கிறது. அது ஆவியாகிப் போகுமுன் எடுத்து வைப்பது நம் கடமை.